15 வருட சர்வீஸ், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்: பட்டாளத்தில் தொடர்வதா, பென்ஷனோடு ஊர் திரும்புவதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இந்திய ராணுவத்தின் காலாட்படையில் நாயக், அதாவது சிப்பாய்க்கு மேல், ஹவில்தாருக்குக் கீழ் உள்ள பதவி. இன்னும் சில மாதத்தில் 15 வருடம் நிறைகிறது. மகனுக்கு 4 வயது, மகளுக்கு 1. மனைவியும் பிள்ளைகளும் திருவண்ணாமலைப் பக்கம் கிராமத்தில் இவருடைய அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். யூனிட் இப்போது பீஸ் ஸ்டேஷனில், அதாவது குடும்பத்தையும் கூட வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் ஃபீல்டுக்கு, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத பகுதிக்குப் போகிறது. "பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க முடியாமல் எதற்கு இந்த வேலை? 15 முடிந்ததும் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்துவிடட்டுமா?" என்கிறார்.

இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியே வரவே கூடாது என்பதல்ல என் கருத்து. 15 வருடம் முடிந்தால் பென்ஷன் உண்டு என்று யூனிட்டில் எல்லோரும் 15, 15 என்றே பேசுவதால் அதுதான் கதவு திறக்கும் நாள் என்று ஆகிவிட்டது. உண்மையில் உங்கள் முன்னால் மூன்று தேதிகள் இருக்கின்றன: 15 வருடம், 16 வருடம், 22 வருடம். மூன்றுக்கும் கணக்கு வேறு. அதோடு, பிள்ளைகளோடு இருப்பதற்கு வேலையை விடுவது ஒன்றுதான் வழி என்பதும் சரியல்ல. அதைவிட எளிதான நாலு வழிகளை நீங்கள் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை என்று கேள்வியிலிருந்தே தெரிகிறது.

முதலில் பணம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 34,300 என்று வைத்துக்கொள்கிறேன். நாயக்குக்கான நான்காவது ஊதிய நிலையில் 15 வருடத்தை ஒட்டி ஏறக்குறைய அங்கேதான் இருப்பீர்கள். சரியான எண்ணை உங்கள் பே ஸ்லிப்பில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மிலிட்டரி சர்வீஸ் பே 5,200 சேர்த்தால் 39,500. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அது 22,910. ஆக மற்ற படிகள் எதையும் சேர்க்காமலேயே மாதம் 62,410 வருகிறது. பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய 39,500-இல் பாதி, அதாவது 19,750. அதன் மேல், பென்ஷன்காரருக்கு அகவிலைப்படி போலக் கிடைக்கும் 58 சதவீத நிவாரணத்தைக் கூட்டினால் 31,205. வீட்டுக்கு வரும் பணம் சரிபாதி ஆகிறது. கூடவே இரண்டு பிள்ளைகளுக்கான கல்விப்படியும் நிற்கும்.

இன்னும் ஒரு வருடம் இருந்தால் என்ன ஆகும்? ஜவான்களுக்கு 8, 16, 24 வருடங்களில் எம்.ஏ.சி.பி. என்ற, பதவி மாறாமலே ஊதிய நிலை மட்டும் ஏறும் நிதி உயர்வு உண்டு. நீங்கள் நாயக் ஆனது முதல் உயர்வாகக் கணக்கில் போயிருக்கும். இரண்டாவது, 16 முடியும்போது கிடைத்து ஐந்தாவது நிலைக்கு ஏறுவீர்கள். இடையில் வரும் வருடாந்திர இன்கிரிமென்ட்டையும் சேர்த்தால் அடிப்படை 37,000 ஆகும். பென்ஷன் 21,100. 15-இல் போவதோடு ஒப்பிட்டால் மாதம் 1,350 அதிகம், அதன் மேல் நிவாரணமும் உண்டு. ஆயுளுக்கும் வரும் பணம் இது. பதினைந்தரை வருடத்தில் அவசரப்பட்டுக் கிளம்பி வந்து, "ஆறே மாசம்தான்யா, இருந்திருக்கலாம்" என்று டீக்கடையில் சொல்பவர்களுக்கு எந்த மாவட்டத்திலும் பஞ்சமில்லை.

22 வருடம் என்பது நாயக்கின் முழுச் சேவை வரம்பு. ஸ்கிரீனிங் போர்டில் தேறினால் இன்னும் 2 வருடம் நீட்டிப்பார்கள். ஹவில்தார் ஆகிவிட்டால் வரம்பு 24, நீட்டிப்போடு 26. பதவி உயர்வே இல்லாமல் 22-இல் வந்தால்கூட, மேலே சொன்ன கணக்கின் தொடர்ச்சியாக அடிப்படை 44,100, பென்ஷன் 24,650. எட்டாவது ஊதியக் குழு அமைத்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது வரும்போது இந்த எண்கள் எல்லாம் மாறும். ஆனால் முடிவு எடுக்கும்போது கையில் இருக்கும் ஏழாவது குழு விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றும், புதிய சம்பளத்துக்கான பெருக்கல் காரணிகளை நம்பி யாரும் வீட்டு லோன் வாங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பலருக்கு டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் தெரியவருகிறது. எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கும் ஒரே சேவைக் காலத்துக்கும் ஒரே பென்ஷன் என்பதுதான் ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டம். அதை நடைமுறைப்படுத்திய 2015 நவம்பர் 7 ஆணை, அதற்குப் பிறகு சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வெளியேறுபவர்களுக்குத் திட்டத்தின் பலன் கிடையாது என்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மற்றவர்களின் பென்ஷனைப் புதிய விகிதத்துக்குச் சமப்படுத்துவார்கள். 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் அப்படி நடந்தது. முன்கூட்டி வந்தவரின் பென்ஷனுக்கு அந்த உயர்வு வராது. இதை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன. ஜெயித்தால் லாபம், ஆனால் தீர்ப்பை வரவில் எழுதிக் குடும்பம் நடத்த முடியாது. 22 வருட வரம்பை முடித்து வருபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. 15-க்கும் 22-க்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பொறி, 15 வருடம் என்பதை எப்படி எண்ணுகிறீர்கள் என்பது. சேர்ந்த தேதியிலிருந்து காலண்டரைப் பார்த்து எண்ணினால் போதாது. பென்ஷனுக்குத் தகுதியான சேவை மட்டுமே கணக்கு. ரெக்ரூட் பயிற்சிக் காலம் அதில் சேரும். லீவு முடிந்து தாமதமாகத் திரும்பிய நாட்களைச் சம்பளமில்லாத லீவாகப் பதிந்திருந்தாலோ, எப்போதாவது தண்டனைக் காவலில் இருந்திருந்தாலோ, அந்த நாட்கள் கழியும். ஆறு வருடத்துக்கு முன் தங்கை கல்யாணத்துக்கு வந்து எட்டு நாள் கூடுதலாகத் தங்கியது உங்களுக்கு மறந்திருக்கும், சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மறக்காது. குறையும் நாட்களை மன்னித்துக் கணக்கில் சேர்க்கும் விதி ஒன்று உண்டு, ஆனால் சொந்த விருப்பத்தில் போகிறவருக்கு அது பொருந்தாது என்பதுதான் விதிப்புத்தகத்தின் நிலை. அப்படி மாட்டியவர்கள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டியதாகிறது. பென்ஷன் இல்லாமல் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடைக்காது, அதோடு வேலை ஒதுக்கீடும் போச்சு. ஆகவே யூனிட் கிளார்க்கிடம் உட்கார்ந்து, தகுதியற்ற சேவை நாட்கள் எத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக வாங்கும் கம்யூட்டேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "15-இல் வந்தால் மொத்தமாக ஒரு தொகை வரும், வீடு கட்டிவிடலாம்" என்ற ஆசைதான் பலரை இழுக்கிறது. பென்ஷனில் பாதி வரை விற்கலாம். விற்கும் ஒரு வருடப் பென்ஷனை எத்தனையால் பெருக்குவது என்ற காரணி, உங்கள் வயதுக்கு 9-க்குச் சற்று மேல். 19,750-இல் பாதியான 9,875-ஐ விற்றால் கையில் ஏறக்குறைய 10.8 லட்சம் வரும், வரி கிடையாது. பதிலுக்கு 15 வருடம் மாதாமாதம் 9,875 பிடிப்பார்கள். மொத்தம் 17,77,500. ஏழு, ஏழரை சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம் இது. இடையில் இறந்துவிட்டால் குடும்பம் எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, குடும்ப ஓய்வூதியமும் குறையாது. அகவிலை நிவாரணம் முழு 19,750-க்கும் கணக்கிடப்படும் என்பதால் மாதம் 21,330 வந்துகொண்டிருக்கும். 12, 14 சதவீத வட்டியில் பெர்சனல் லோன் இருந்தால் அதை அடைக்க இது நல்ல கருவி. ஊரே பார்க்கும்படி மாடி கட்டுவதற்கென்றால் வேண்டாம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் 15 வருடமும் உங்கள் பென்ஷன் குறைந்தே இருக்கும். பணிக்கொடை தனி: முடித்த ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம், அகவிலைப்படியோடு. 15 வருடத்துக்கு நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். வருங்கால வைப்பு நிதியும் ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸ் முதிர்வும் சேர்த்து வைத்த லீவுக்கான பணமும் அவரவர் போட்டதைப் பொறுத்தது.

இனி பிள்ளைகள்.

யூனிட் இப்போது பீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது என்கிறீர்கள், குடும்பம் ஊரில் இருக்கிறது என்கிறீர்கள். ஏன்? குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லையா, பெயரே கொடுக்கவில்லையா? குடும்பக் குவார்ட்டர்ஸ் எண்ணிக்கை எப்போதும் தேவையைவிடக் குறைவு, காத்திருப்புப் பட்டியல் உண்டு. பெயர் கொடுத்த தேதியை வைத்துத்தான் வரிசை நகரும் என்பதால் இன்றே கொடுங்கள். கிடைக்கவில்லையென்றால் வெளியே வாடகைக்கு எடுத்துத் தங்க அனுமதியும் வீட்டு வாடகைப்படியும் கேளுங்கள். ஃபீல்டுக்குப் போக இன்னும் எட்டு, பத்து மாதம் இருந்தால் அந்த எட்டு, பத்து மாதமும் மகள் நடக்கப் பழகும் காலம். "கொஞ்ச நாளுக்காக எதற்கு இழுத்தடிப்பது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நாலு வயதிலும் ஒரு வயதிலும் பள்ளி மாற்றம் என்ற கஷ்டம் கிடையாது. இடம் மாற்ற இதைவிட எளிதான வயது இனி வராது.

யூனிட் ஃபீல்டுக்குப் போன பிறகும் குடும்பம் ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை. ஃபீல்டில் இருப்பவரின் குடும்பத்துக்கென்றே பெரிய ராணுவ ஸ்டேஷன்களில் தனிக் குடியிருப்புகள் இருக்கின்றன. இருக்கும் குவார்ட்டர்ஸையே தக்கவைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். சென்னை போன்ற இடத்துக்கு யூனிட் வழியாக அந்த ஸ்டேஷன் தலைமையகத்துக்கு எழுத வேண்டும், மூவ் ஆர்டர் வந்த கையோடு. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் வரிசையின் வாலில் நிற்பீர்கள். அங்கே மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன், பள்ளி எல்லாம் பக்கத்தில் இருக்கும். அதே நிலையில் இருக்கும் மற்ற பெண்கள் துணைக்கு இருப்பார்கள். கிராமத்தில் மாமனார் மாமியாரோடு இருப்பதன் வசதி வேறு வகை: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், ஆனால் சின்னக் காய்ச்சலுக்கும் பணம் கொடுத்துத் தனியார் டாக்டரிடம் ஓட வேண்டியிருக்கும். இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான், சேவையில் இருப்பவரின் குடும்பம் அதில் வராது. எங்கே இருப்பது என்பதை உங்கள் மனைவிதான் சொல்ல வேண்டும். கேள்வியில் அவருடைய விருப்பம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. இரவில் எழுந்து இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பவர் அவர்தான்.

அடுத்த வழி, யூனிட்டுக்கு வெளியே ஒரு டென்யூர், அதாவது குறிப்பிட்ட காலப் பணி. என்.சி.சி. பட்டாலியன், ஆள்சேர்ப்பு அலுவலகம், பயிற்சி மையம், டெரிட்டோரியல் ஆர்மி போன்றவற்றில் இரண்டு, மூன்று வருடம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெல்லிங்டன் சென்டரே நீலகிரியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் என்.சி.சி. யூனிட்டுகள் எத்தனையோ ஊர்களில் உண்டு. இந்த இடங்களுக்குப் போட்டி அதிகம். நல்ல வருடாந்திர ரிப்போர்ட், தேறிய கோர்ஸ்கள், ஷேப்-1 என்ற முழு உடல்தகுதி நிலை, இவை இருப்பவருக்கு முதலில் கிடைக்கும். இன்ஸ்ட்ரக்டர் தகுதி இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவே பிள்ளைக்காக ஊருக்குப் பக்கத்தில் வர நினைப்பவர், கோர்ஸை "வேண்டாம் சாப், வீட்டைவிட்டு மூணு மாசமா" என்று தட்டிக்கழிப்பது தன் காலில் தானே கோடாலி போட்டுக்கொள்வது. பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். பிறகு மனம் மாறினாலும் சீனியாரிட்டி திரும்பி வராது.

கருணை அடிப்படையிலான போஸ்டிங் என்பதை எல்லோரும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறார்கள். "பிள்ளைகள் சின்னவர்கள், பெற்றோருக்கு வயதாகிறது" என்று மட்டும் எழுதினால் திரும்பி வந்துவிடும். யூனிட்டில் பாதிப் பேருக்கு அதே நிலைதானே. மனைவிக்கு அறுவை சிகிச்சை, பிள்ளைக்குத் தொடர் சிகிச்சை, வீட்டில் வேறு ஆண் துணை இல்லை என்ற நிலை, இவற்றை அரசு மருத்துவமனைச் சான்றோடும் மாவட்ட நிர்வாகம் அல்லது முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் விசாரணை அறிக்கையோடும் கொடுத்தால் எடுபடும். பிள்ளைக்கு மாற்றுத்திறன் இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. சிகிச்சையும் சிறப்புப் பள்ளியும் உள்ள ஸ்டேஷனுக்கு மாற்றம் கேட்க வலுவான காரணம் இருக்கிறது, கல்விப்படியும் இரட்டிப்பு. அந்தச் சான்றைத் தள்ளிப்போடாமல் எடுங்கள். "இன்னும் பேச்சு வரல, வந்துடும்" என்று மூன்று வருடம் கடத்துவது பிள்ளைக்கும் நல்லதல்ல, போஸ்டிங்குக்கும் நல்லதல்ல.

படிப்புக்கு வருவோம். கேந்திரிய வித்யாலயாவில் முதல் வகுப்புக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ராணுவத்தினர் பிள்ளைகள் முதல் முன்னுரிமைப் பிரிவில் வருவார்கள். அந்தப் பிரிவுக்குள் கடந்த 7 வருடத்தில் எத்தனை முறை மாற்றலானீர்கள் என்பதை வைத்து வரிசை நிர்ணயிப்பார்கள். அதற்கு யூனிட் தரும் மாற்றல் சான்று வேண்டும். ஃபீல்டுக்கு மாறும் ராணுவத்தினர், குடும்பத்தை எந்த ஊரில் வைக்கிறார்களோ அந்த ஊர் கே.வி.க்குப் பிள்ளையை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் மாற்றம் எளிது என்பதால், முதல் வகுப்புச் சேர்க்கையின்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதுதான் முக்கியம். முன்னாள் படைவீரர் பிள்ளைகளும் முதல் பிரிவில்தான் வருகிறார்கள். ஆகவே "சர்வீஸில் இருந்தால்தான் சீட்" என்ற பயத்தில் முடிவு எடுக்க வேண்டியதில்லை.

கல்விப்படி இப்போது ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50. இரண்டு பிள்ளைக்கும் வருடத்துக்கு 67,500. நர்சரியிலிருந்தே உண்டு, ஆனால் பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். ஊரில் வீட்டு மாடியில் நடக்கும் அங்கீகாரமில்லாத எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு நிதியாண்டு முடிவில் சான்று கேட்டு அலைபவர்கள் உண்டு. சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் கிடைக்க ஒரு காகிதம் சரியாக இருக்க வேண்டும். அது பார்ட் டூ ஆர்டர். கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் அதில் வெளியாகி உங்கள் ஆவணத்தில் ஏறினால்தான் ராணுவத்தைப் பொறுத்தவரை உங்களுக்குப் பிள்ளை உண்டு. நம் ஆட்களுக்கு வரும் சிக்கல் இனிஷியல். பிறப்புச் சான்றில் 'யாழினி கு' என்று இருக்கும். ஆதாரில் 'கே. யாழினி' ஆகியிருக்கும். வடநாட்டு கிளார்க் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து 'யாழினி குமார்' என்று அடித்திருப்பார். 'ழி'க்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதில் மூன்று ஆவணமும் மூன்று விதம். இன்றைக்கு இது சின்ன விஷயம். 12 வருடம் கழித்து இ.சி.எச்.எஸ். அட்டைக்கோ சார்ந்தோர் சான்றுக்கோ போகும்போது, ஒரு எழுத்துக்காக ரெக்கார்ட் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் ஆறு தடவை தபால் போகும். நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அலையப்போவது உங்கள் மனைவி. அடுத்த லீவில் பிறப்புச் சான்று, ஆதார், பார்ட் டூ ஆர்டர் நகல், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பிறப்புச் சான்றை ஆதாரமாக வைத்து மற்ற இரண்டையும் திருத்துங்கள். மனைவியின் பெயர், பிறந்த தேதிக்கும் இதே வேலை.

லீவு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவும் 30 நாள் கேஷுவலும். இரண்டையும் ஒட்டி எடுக்க முடியாது. பெரும்பாலோர் ஆண்டு லீவை மொத்தமாகப் பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ எடுத்துத் தீர்த்துவிட்டு, பிறகு எட்டு மாதம் வருவதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் என்பது ஏறக்குறைய அதன் முழு ஆயுள். அப்பா வந்து நிற்கும்போது பாட்டி முந்தானைக்குப் பின்னால் ஒளியும். ஆண்டு லீவை இரண்டாக உடைத்து, நடுவில் கேஷுவலைச் செருகி, மூன்றரை, நாலு மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுங்கள். ரயில் செலவு கூடத்தான் செய்யும், பரவாயில்லை. வந்தால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், நிலப் பிரச்சினை, பத்திர ஆபீஸ் என்று லீவைக் கரைக்காதீர்கள். மகனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு விடுவது அந்த முப்பது நாளும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு வெளியே வருவதுதான் என்றால், எதை நோக்கி வருகிறீர்கள்? 31,000 பென்ஷனை வைத்துக் கிராமத்தில் காலம் தள்ளலாம். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கத் திணறும். இரண்டாவது வேலை நிச்சயம் வேண்டும். மத்திய அரசில் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் பணிக்கு 14.5 சதவீதமும், கடைநிலைப் பணிக்கு 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு. தமிழ்நாடு காவலர் தேர்வில் 5 சதவீதம். வயதில் சேவைக் காலத்தையும் கூடுதலாக 3 வருடத்தையும் கழித்துக்கொள்வார்கள், ஆகவே 15-இல் வந்தாலும் 22-இல் வந்தாலும் வயது பெரிய தடையில்லை. பட்டப்படிப்பு இல்லாத மெட்ரிக்காரருக்கு, 15 வருட சேவையைப் பட்டத்துக்கு இணையாகக் கொள்ளும் விதி குரூப் சி பணிகளுக்கு உண்டு. தடை எங்கே என்றால் தேர்வில். ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி இருக்கிறது. கணக்கும் ஆங்கிலமும் விட்டுப்போய் 15 வருடம் ஆனவருக்குக் குறைந்தது ஒரு வருடத் தயாரிப்பு வேண்டும். சேவையில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க, டிஸ்சார்ஜுக்கு இன்னும் ஒரு வருடத்துக்குள் இருக்கிறீர்கள் என்ற சான்று தேவை. ஆகவே வரிசை இப்படி: ஃபீல்டு டென்யூரில் மாலை நேரத்தில் படிப்பு, 16 முடிந்து எம்.ஏ.சி.பி. வந்த பிறகு, தேர்வு அறிவிப்புகளைப் பார்த்து டிஸ்சார்ஜ் விண்ணப்பத் தேதி. அதன் பிறகு தேர்வு. கடைசி வருடத்தில், வெளியே வருபவர்களை வேறு வேலைக்குத் தயார்படுத்தும் மறுகுடியமர்த்தல் இயக்குநரகத்தின் 24 வாரம் வரையிலான பயிற்சிகளும் உண்டு. சான்றிதழுக்காகப் போகாமல், தேர்வுக்கோ தொழிலுக்கோ உதவுவதாகப் பார்த்து எடுங்கள்.

வேலை ஒன்றில் சேரும் முன் இன்னொரு எச்சரிக்கை. ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி ஒரு சிவில் வேலையில் சேர்ந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடும். வேறு தேர்வுகளுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால், முதல் வேலையில் சேரும்போதே தேதியோடு பட்டியலிட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அந்தத் தேர்வுக்குச் சலுகை நிற்கும். அதேபோல, மத்திய அரசுப் பணியில் குறைந்தபட்சச் சம்பளத்தில் நிர்ணயம் செய்தால் பென்ஷன் மேலான நிவாரணம் தொடரும். வங்கியில் பழைய சம்பளத்தைப் பாதுகாக்கும்படி நிர்ணயம் கேட்டால் அது நிற்கும். எது லாபம் என்பதைப் பேனாவை எடுத்து எழுதிப் பாருங்கள்.

முன்னாள் படைவீரர்களைக் கொண்டு ராணுவ நிலையங்களைக் காக்கும் டி.எஸ்.சி. படைக்குப் போகலாமே என்பார்கள். இரண்டாவது பென்ஷனுக்கு நல்ல வழிதான், ஆனால் அதுவும் போஸ்டிங் உள்ள வேலை, கண்ணூரில் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்காகப் பட்டாளத்தை விட்டவர் டி.எஸ்.சி.யில் சேர்வதில் அர்த்தமில்லை. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகக் கிடைக்கும் காவலர் வேலைகள் மாவட்டத்துக்குள்ளேயே அமையலாம், சம்பளம் மிதம். இடைக்காலத்துக்குச் சரி.

15-இலேயே வந்துவிடுங்கள் என்று நானே சொல்லக்கூடிய சூழ்நிலைகளும் உண்டு. மனைவிக்குத் தீராத நோய், வீட்டில் பார்க்க ஆளில்லை. பிள்ளைக்கு அன்றாடம் இரண்டு பேர் தேவைப்படும் நிலை, போஸ்டிங் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டுவிட்டது. அல்லது மனைவி நிரந்தர அரசு வேலையில் இருக்கிறார், ஊரை விட்டு நகர முடியாது, அவர் சம்பளமும் உங்கள் பென்ஷனும் சேர்ந்தால் குடும்பம் தாங்கும். இதில் ஏதாவது ஒன்று உங்களுடையது என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். கேள்வியில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

இதே கேள்வியைச் சேவையில் இருக்கும் அம்மா ஒருவர் கேட்டால் விடை வேறு. பிரசவ லீவு 180 நாள், இரண்டு பிள்ளைகள் வரை. பிள்ளை வளர்ப்பு லீவு மொத்தச் சேவையில் 360 நாள், பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை. அதிகாரிகளுக்கு மட்டும் இருந்ததை 2023 நவம்பரில் எல்லாப் பதவிப் பெண்களுக்கும் விரித்தார்கள். மனைவியை இழந்த அல்லது தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் வளர்ப்பு லீவு உண்டு, பலர் கேட்பதே இல்லை. 2022-க்குப் பிறகு அக்னிவீராகச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பதிலின் பென்ஷன் பகுதி எதுவும் பொருந்தாது. நாலு வருடம், பென்ஷன் இல்லை, ஒதுக்கீட்டு விதிகளும் தனி.

கடைசியாகத் தேதி. எழுதிக் கொடுக்கும் நாள் வந்தால் விண்ணப்பம் யூனிட் தலைமை அதிகாரியான சி.ஓ.வின் பரிந்துரையோடு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், சில மாதம் தள்ளித் தேதி வரும். ஆணை வந்த பிறகு மனம் மாறித் திரும்பப் பெறுவது மிகக் கடினம், அதை நம்பி எழுதாதீர்கள். இன்கிரிமென்ட் உங்களுக்கு ஜனவரி 1-இலா ஜூலை 1-இலா என்று பார்த்து, அதற்குப் பிந்தைய மாதக் கடைசியைக் கேளுங்கள். மகன் ஊரிலிருக்கும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்குப் போவதென்றால் ஜூனில் திறக்கும், கே.வி. என்றால் ஏப்ரலில். ஜனவரி இன்கிரிமென்ட்காரர் பிப்ரவரி அல்லது மார்ச் கடைசியில் வெளியே வந்தால் இரண்டுக்கும் தோதாக அமையும். ஜூலை என்றால் குடும்பத்தை ஏப்ரலிலோ ஜூனிலோ முன்கூட்டி அனுப்பிவிட்டு, நீங்கள் ஆகஸ்டில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.